வேலியில் படரும் கோவை

கோவைக் கொடியைப் பற்றிக் கூட்டுறவு இதழில் எழுத என்ன இருக்கிறது என்று அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். அண்மையில் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, அன்றைய பேச்சு முழுவதையும் இக்கொடியே கைக்கொண்டுவிட்டது.

அங்கத்தினர் ஒருவரின் வீட்டுக்கும் அடுத்த தோட்டத்தின் கிளுவை வேலிக்கும் இடையே பத்தடி தூரங்கூட இல்லை. வேலியில் ஏறிய கோவை, ஓட்டுக் கூரையையும், குழித்தறிக்கு வெளிச்சம் தரும் ஜன்னலையும் ஒரே மழைக்காலத்தில் மூடிவிட்டது. இருட்டில் அறுந்த இழை கண்ணில் படவில்லை. காற்றோட்டமின்றிக் கஞ்சி போட்ட பாவில் பூஞ்சணம் பிடித்தது. நெய்த சேலைகளில் இரண்டைக் குறைநெசவென்று சங்கம் தள்ளிவிட்டது. நெசவாளர் தோட்டக்காரர் மீது குறை கூறினார். தோட்டக்காரரோ, “நானா நட்டேன்? குருவி போட்ட விதைக்கு நான் ஜவாப்தாரியா?” என்றார். இருவரும் மாமன் மைத்துனர்கள். பேச்சு நின்று ஏழு மாதங்கள் ஆகின்றனவாம்.

தோட்டக்காரர் கூறியதில் பாதி உண்மை. கோவைப்பழத்தைத் தின்னும் பறவைகள் விதையை எங்கும் தூவுகின்றன. ஆயினும் முளைத்தபின் அதை விட்டுவைத்தது குருவியன்று. கோவையின் பலம் மண்ணுக்கடியில் இருக்கிறது. அதன் வேர் கிழங்காகத் திரண்டு, கோடையில் கொடி காய்ந்தாலும் உயிரோடு கிடந்து, முதல் மழைக்குத் துளிர்க்கிறது. ஆகவே அரிவாளால் மேலே அறுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர், அடுத்த ஆண்டும் அதே இடத்தில் அறுத்துக்கொண்டிருப்பார். அறுத்த தண்டை வாய்க்கால் கரையில் எறிந்தால், ஈரம் பட்ட கணுவிலிருந்து அதுவும் வேர்விடும்.

இலை வடிவத்தைக் கண்டு ஆங்கிலேயர் இதனை ஐவிக் கொடியோடு சேர்த்துப் பெயரிட்டனர். அவர்கள் நாட்டு ஐவி சுவரைப் பற்றி ஏறுவது. நம் கோவை பற்றுக்கம்பிகளால் எதையும் சுற்றிக்கொள்வது. காய்கறிக்காகப் பசிபிக் தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட கோவை, ஹவாய், குவாம், சைப்பன் ஆகிய இடங்களில் மரங்களையும் மின்கம்பங்களையும் போர்த்திக்கொண்டது. அதன் தண்டைத் துளைக்கும் ஓர் அந்துப்பூச்சியைக் கென்யாவிலிருந்து தருவித்து 1996-இல் ஹவாயில் விட வேண்டியதாயிற்று. அவ்வளவு தூரம் நமக்கு வேண்டாம். நம் மண்ணில் இதைத் தின்னும் பூச்சிகள் பல உண்டு. ஆனால் அவற்றிலேயே ஒரு சங்கடமும் இருக்கிறது. பழ ஈ கேட்பாரற்ற கோவையில் பெருகிப் பாகலுக்கும் பூசணிக்கும் வருகிறது. பந்தல் காய்கறி பயிரிடும் அங்கத்தினர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் நான் கோவைக்கு விரோதி என்று கொள்ளலாகாது. கோவையிலையால் சிலேட்டைத் துடைத்துப் படித்தவர்கள் நம்மில் இன்னும் பலர் இருக்கிறார்கள். உழவர் சந்தையில் கோவைக்காய்க்கு விலையும் உண்டு. வேண்டுவோர் பந்தலிட்டு வளர்க்கட்டும். இதில் ஆண்கொடி, பெண்கொடி தனித்தனி. விதை போட்டால் எது வருமென்று சொல்ல இயலாது, வேலிக்கோவை கசப்பதும் உண்டு. நன்கு காய்க்கும் பெண்கொடியின் முற்றிய தண்டை ஒரு சாண் நீளத்துக்கு மேல் வெட்டி நடுவதே முறை. பத்துப் பெண்கொடிக்கு ஓர் ஆண்கொடி போதும். ஆண்டுக்கொரு முறை கவாத்துச் செய்து, பிஞ்சிலேயே பறித்துவிட்டால் பழுப்பதற்கும் பரவுவதற்கும் இடமில்லை.

சிலர் வேலிக் கோவைக்குக் களைக்கொல்லி அடிக்கிறார்கள். இதனை நான் ஒப்பவில்லை. மருந்து கோவையையும் கிளுவையையும் பிரித்தறியாது. கிளுவை பட்டால் வேலி திறந்து ஆடு உள்ளே வரும். சிலவகை மருந்தின் சாரல் காற்றில் சென்று பக்கத்துப் பருத்தியைக் கெடுக்கும். அப்போது இன்னொரு வழக்கு முளைக்கும்.

என் அபிப்பிராயம் இதுதான்: புரட்டாசியில் முதல் நல்ல மழை பெய்து மண் இளகிய மறுவாரம், ஊருக்கு ஒரு நாளைச் சங்கம் குறிக்கட்டும். விவசாயியும் நெசவாளரும் சேர்ந்து, வேலி வேலியாகக் கிழங்கோடு அகழ்ந்தெடுக்கட்டும். கொடியை ஆட்டுக்குப் போடலாம்; கிழங்கை வெயிலில் உலர்த்தி எரித்துவிட வேண்டும். கடனும் நூலும் கொடுப்பதற்கேற்பட்ட சங்கத்திற்கு இது வேலையா என்று ஓர் இயக்குநர் என்னிடம் கேட்டார். தள்ளுபடியான சேலை இரண்டும் சங்கக் கணக்கில்தானே நிற்கின்றன என்றேன். வேலிக்குச் சொந்தக்காரர் முன்னின்று தோண்ட வேண்டும். பாதிக்கப்பட்டவர் துணைக்கு வரவேண்டும். சங்க நிதியில் ஒரு பைசாவும் எடுக்கத் தேவையில்லை. கடப்பாறையும் மண்வெட்டியும் வீட்டுக்கு வீடு இருக்கின்றன.