நெல் வயலில் சூரிய மின் நிலையம் அமைக்கலாமா?

‘‘எங்கள் 5 ஏக்கர் நஞ்சை, துணை மின் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. சூரிய மின் நிலையம் அமைக்க 25 ஆண்டுக் குத்தகைக்குக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? இவ்வளவு சிறிய நிலையத்தால் நாட்டுக்கு என்ன பயன்?’’

- வாசகர், கூத்தாநல்லூர், திருவாரூர் மாவட்டம்.

5 ஏக்கரில் சுமார் 1 மெகாவாட் நிலையம் அமைக்கலாம். ஆண்டுக்கு ஏறத்தாழ 15 லட்சம் யூனிட் மின்சாரம் கிடைக்கும். இந்தியாவின் சூரிய மின் நிறுவுதிறன் 2025 ஜனவரியில் 1,00,000 மெகாவாட்டைத் தாண்டியது. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் உள்ள ஒரே நிலையத்தின் திறன் 648 மெகாவாட். அதோடு ஒப்பிட்டால் இது கடுகளவுதான்.

ஆனாலும், சிறு நிலையத்துக்குத் தனிப் பலம் உண்டு. பெரிய நிலையத்தின் மின்சாரம் நெடுந்தூரம் பயணிக்கும்போது கம்பிகளில் கொஞ்சம் வீணாகும். துணை மின் நிலையத்துக்கு அருகில் உற்பத்தியாவது, அந்தப் பகுதியின் பம்ப்செட்டுகளுக்கும் அரிசி ஆலைகளுக்கும் பகலிலேயே பயன்பட்டுவிடும். இதற்காகத்தான் மத்திய அரசின் ‘பி.எம்.குசும்’ திட்டத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரையிலான சிறு நிலையங்களுக்கு இடம் தரப்பட்டுள்ளது.

அந்தத் திட்டத்திலும் தரிசு நிலத்துக்கே முன்னுரிமை. விளைநிலம் என்றால், அடியில் பயிர் செய்யும்படி பலகைகளை உயரமாக அமைக்க வேண்டும். ஆனால், நெல்லுக்கு நல்ல வெயில் தேவை. நிழல் விழுந்தால் தூர் குறையும், பதர் கூடும். வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மண் கொட்டி வயலை மேடாக்கினால் வடிகால் அடைபடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பக்கத்து வயலின் சம்பா அழுகும். நடவு, களை, அறுவடை வேலைக்கு வருவோரின் கூலியும் போய்விடும். எனவே, ஆற்றுநீர் பாயும் நஞ்சையைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

விளையாத மேட்டு நிலம் இருந்தால் கொடுக்கலாம். கையெழுத்துப் போடும் முன், குத்தகைத் தொகை ஆண்டுதோறும் எவ்வளவு உயரும், நிலத்தின் பேரில் நிறுவனம் கடன் வாங்க முடியுமா, பாதியில் நிறுத்தினால் என்ன இழப்பீடு, காலம் முடிந்ததும் பலகைகளையும் கான்கிரீட்டையும் யார் செலவில் அகற்றுவது என்பவை பத்திரத்தில் தெளிவாக இருக்கின்றனவா என்று வழக்கறிஞரிடம் காட்டிக்கொள்ள வேண்டும்.

வயலைத் தொடாமலும் சூரிய மின்சாரம் எடுக்கலாம். மாடியில் சுமார் 300 சதுர அடி இடம் இருந்தால் 3 கிலோவாட் அமைக்கலாம். தினமும் சராசரியாக 12 யூனிட் கிடைக்கும். 2024-ல் தொடங்கிய ‘பி.எம். சூர்ய கர்’ திட்டத்தில் இதற்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. விண்ணப்பிக்கும் முறையை அருகிலுள்ள மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு அறியலாம்.