வாடகை வண்டியோட்டிகளும் உரிம விதிகளும்

பிறருடைய உயிரையும் உடைமையையும் தம் பொறுப்பில் ஏற்றுத் தொழில் நடத்துவோர், அத்தொழிலுக்குத் தகுதியுடையவர்தாமா என்பதை அரசாங்கம் ஆராய்ந்து சான்றளித்தல் வேண்டும் என்பது நாகரிக நாடுகள் யாவும் ஒப்புக்கொண்ட கொள்கையாகும். மருத்துவருக்கும் மாலுமிக்கும் உரிய இவ்விதி வாடகை வண்டியோட்டிக்கும் உரியதே. 1654ஆம் ஆண்டிலேயே ஆங்கில நாட்டில், இலண்டன் மாநகரில் வாடகைக் குதிரை வண்டி நடத்துவோர் 200 பேருக்கு மேற்படலாகாதெனச் சட்டம் செய்யப்பட்டது. நம் நாட்டில் 1914ஆம் ஆண்டின் சட்டம் மோட்டார் வண்டிகளைப் பதிவு செய்தலையும் ஓட்டுநர்க்கு உரிமம் வழங்குதலையும் வகுத்தது. 1939ஆம் ஆண்டின் சட்டம் வாடகை வண்டிகளுக்கு அனுமதிச் சீட்டு முறையை நிலைநாட்டிற்று. இப்பொழுது நடைமுறையில் இருப்பது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். ஆதலின் உரிமம் வேண்டுமா, வேண்டாவா என்பது இன்று வினாவன்று. அது யாருடைய நன்மைக்காக, எவ்வெல்லைக்குள், யார் தோளில் எவ்வளவு சுமையோடு அமைதல் வேண்டும் என்பவையே நாம் ஆராயத்தக்கன.

இவ்வாராய்ச்சிக்கு விழுப்புரமும் திண்டிவனமும் மிகவும் ஏற்ற ஊர்களாம். விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என ஐந்து திசைகளிலும் இருப்புப்பாதை செல்கின்றது. திண்டிவனத்தில் சென்னை நெடுஞ்சாலையிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு சாலையும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு மற்றொரு சாலையும் பிரிகின்றன. புகைவண்டியினின்றும் பேருந்தினின்றும் இறங்குவோர் அனைவரும் அவ்வவ்வூரிலேயே தங்குபவரல்லர். சுற்றுப்புறச் சிற்றூர்களுக்கும், முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், அங்குத் தீராத நோயாயின் புதுச்சேரி ஜிப்மருக்கும் செல்வோர் பலர். 2021ஆம் ஆண்டு முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர், அது பெருநன்மையே. எனினும் பேருந்து புகாத தெருவுக்கும், பேருந்து ஓய்ந்த இரவுக்கும் ஆட்டோவே துணை.

அத்துணையாகும் ஓட்டுநர் கையில் என்னென்ன ஏடுகள் இருத்தல் வேண்டும்? ஓட்டுநர் உரிமம், வண்டியின் பதிவுச் சான்று, காப்புறுதிப் பத்திரம், அனுமதிச் சீட்டு, தகுதிச் சான்று என்பன. அனுமதிச் சீட்டு ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறையும், தகுதிச் சான்று வண்டிக்கு எட்டாண்டு நிறையுமளவும் ஈராண்டுகளுக்கு ஒரு முறையும், பின்னர் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படல் வேண்டும். இவற்றுள் ஒன்றையும் வீணென்று நாம் கூறோம். ஆயினும் இவற்றால் எழும் இடர்கள் நான்கு உள.

முதலாவது எல்லைபற்றியது. சட்டத்தின் 88ஆம் பிரிவின்படி, ஒரு வட்டாரத்தில் வழங்கிய அனுமதிச் சீட்டு மற்றொரு வட்டாரத்தில் மேலொப்பம் பெற்றாலன்றிச் செல்லாது. ஒரு மாநிலத்துச் சீட்டு மற்றொரு மாநிலத்திலும் அவ்வாறே. புதுச்சேரியோ தனி ஒன்றியப் பகுதி. விழுப்புரம் மாவட்டத்துக் கோட்டக்குப்பத்தினின்று சில அடிகள் வைத்தால் புதுச்சேரி மண்ணாகிவிடும். மக்கள் இவ்வெல்லையை உணர்வதில்லை. அவர்தம் உறவும் வாணிகமும் கல்வியும் மருத்துவமும் இரு பக்கத்திலும் பரந்து கிடக்கின்றன. எல்லையை உணரவேண்டியவர் ஓட்டுநர் ஒருவரே. அனுமதிச் சீட்டின் நிபந்தனையை மீறி எல்லை கடந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதற்குற்றத்திற்கே 10,000 ரூபாய் தண்டமும் ஆறு மாதம்வரை சிறையும் விதிக்கப்படலாம். நோயாளியை ஏற்றிச் செல்பவர் இவ்வச்சத்தோடு செல்லுதல் நீதியாகுமா? வழியிற் கிடந்த காயமுற்றவனைத் தன் வாகனத்தில் ஏற்றிச் சென்ற சமாரியன் கதையைச் சிறுவயது முதற் கேட்டு வளர்ந்த நாம் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று.

இரண்டாவது, பலர் கூடிச் செல்லும் ஷேர் ஆட்டோ பற்றியது. ஒப்பந்த வண்டி என்பது வழியில் நின்று, ஒப்பந்தத்திற் சேராத பயணிகளை ஏற்றவும் இறக்கவும் கூடாதென்பது சட்டம். ஆறு பேர்க்கு மேற்படாத மோட்டார் கேப் வண்டியில் ஒவ்வொருவரிடமும் தனித்தனிக் கட்டணம் பெறினும் அது ஒப்பந்த வண்டியே என்று அதே சட்டத்தின் 2ஆம் பிரிவு இடந்தருகின்றது. ஆகவே தனிக் கட்டணம் குற்றமன்று. வழியில் ஏற்றி இறக்குதலே ஐயத்துக்கு இடமாகின்றது. ஏழையர்க்கு இன்றியமையாத இவ்வழக்கம், சட்டத்தின் ஒளிக்கும் நிழலுக்கும் இடையே நிற்கின்றது. நிழலில் நிற்கும் தொழிலில் அளவுக்கு மிஞ்சி ஆளேற்றுதலும் பெருகும், கைக்கூலிக்கும் இடமுண்டாகும்.

மூன்றாவது நிறுத்தங்கள் பற்றியது. வண்டிகள் நிற்கத்தக்க இடங்களை, உள்ளாட்சி மன்றத்தைக் கலந்துகொண்டு அரசு வரையறுக்கலாம் என்று 117ஆம் பிரிவு கூறுகின்றது. நடைமுறையிலோ, பல ஊர்களில் நிறுத்தம் என்பது ஒரு சங்கத்தின் பெயர்ப்பலகை நட்ட இடமாக இருக்கின்றது. சங்கம் தொழிலாளர்க்கு அரண். அதனை நாம் குறைகூறோம். ஆனால் முறையான உரிமமும் சீட்டும் உடைய புதியவர் ஒருவர், சங்கத்திற்குப் பொருள் கொடுத்தாலன்றி அங்கு நிற்க இயலாதெனின், அரசாங்கம் தந்த உரிமத்தின் மேல் மற்றோர் உரிமம் முளைத்ததாகின்றதன்றோ?

நான்காவது, கைப்பேசிச் செயலிவழி வண்டி அமர்த்தும் நிறுவனங்கள் பற்றியது. ஓட்டுநர்க்கு இத்தனை ஏடுகளை வகுத்த சட்டம், இந்நிறுவனங்களும் உரிமம் பெறுதல் வேண்டும் என்று 2019ஆம் ஆண்டில்தான் 93ஆம் பிரிவைத் திருத்திற்று. 2025 ஜூலையில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், சொந்த வண்டி ஓட்டுவோர்க்குக் கட்டணத்தில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமற் சேர்தல் வேண்டும் என்றும், 5 லட்ச ரூபாய்க்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் 10 லட்ச ரூபாய்க்குக் குறையாத ஆயுட்காப்புறுதியும் அளித்தல் வேண்டும் என்றும் கூறுகின்றன. நல்ல நெறிகளே. ஆயின் நெறி வேறு, விதி வேறு. மாநிலங்கள் அவற்றை ஏற்று விதியாக்கினாலன்றி ஓட்டுநர் அவற்றைக் காட்டி நீதி கேட்டல் அரிது. 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், ஊபர் ஓட்டுநர் தொழிலாளருக்குரிய உரிமை உடையவரே என்று தீர்த்தது. கேரள அரசு 2022ஆம் ஆண்டில் ‘கேரள சவாரி’ என்னும் செயலியைத் தானே தொடங்கிற்று. வழிகள் இல்லாமலில்லை.

இவ்விடத்தில் ஒரு தடை நிகழக்கூடும். விதிகளைத் தளர்த்தினால் பயணிகளின் காப்பு என்னாவது என்பர். தக்க கேள்வியே. அனுமதிச் சீட்டின்றி ஓடிய வண்டி விபத்துக்குள்ளாயின், காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை முதற்கண் செலுத்திப் பின்னர் உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று 2018ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துள்ளது. ஒரு விபத்து ஓர் ஓட்டுநர் குடும்பத்தின் வீட்டையும் நிலத்தையும் விழுங்கிவிடும் என்பது இதன் பொருள். ஆகவே நாம் வேண்டுவது உரிமமின்மை அன்று. எளிதிற் பெறத்தக்கதும், மக்கள் உண்மையாகச் செல்லும் எல்லை முழுதும் செல்லத்தக்கதுமாகிய உரிமமே. எவர்க்கும் பெறலரிய உரிமம் எவரையும் காவாது. அது மீறுவோரைப் பெருக்குவதன்றி வேறொன்றும் செய்யாது.

அமெரிக்க நாட்டு நிகழ்ச்சியொன்று இதற்கு நல்ல சான்றாகும். 2016ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தார், செயலிவழி வண்டியோட்டுவோர் ஏறத்தாழ 37,000 பேரும் நகரில் தொழிற்பதிவு செய்துகொள்ளல் வேண்டும் என்று ஓலை விடுத்தனர். நாளொன்றில் பல நகரங்களுக்குள் நுழைந்து மீளும் ஓட்டுநர், நகர்தோறும் உரிமம் பெறுதல் இயலுமோ என்னும் கேள்வி எழுந்தது. அடுத்த ஆண்டிலேயே கலிபோர்னியா மாநிலத்தார், ஓட்டுநர் தாம் குடியிருக்கும் ஊரில் ஒரே உரிமம் பெறின் அமையும் என்று சட்டம் செய்தனர்.

நம்மவரும் அதனைச் செய்தல் கூடும். மாநிலங்கள் தம்முள் ஒப்பந்தம் செய்துகொள்ள 88ஆம் பிரிவே வழிவகுக்கின்றது. இரு பக்கத்துப் பேருந்துகளும் நாள்தோறும் எல்லையைக் கடக்கும்பொழுது, ஆட்டோக்களுக்கு மட்டும் அவ்வழி அடைபட்டிருத்தற்குக் காரணம் காண்கிலோம். விழுப்புரம், திண்டிவனம், கோட்டக்குப்பம், புதுச்சேரி ஆகியவற்றை ஒரே வாடகை வட்டாரமாகக் கருதி மேலொப்பம் வழங்குக. ஷேர் ஆட்டோவுக்குக் குறித்த தடமும், குறித்த ஆள் எண்ணிக்கையும், எழுதி ஒட்டிய கட்டணமும் வகுத்து, அதனைச் சட்டத்தின் ஒளிக்குக் கொணர்க. நகராட்சி மன்றங்கள் நிறுத்தங்களை அளந்து, சீட்டுடைய ஓட்டுநர் எவரும் வரிசைப்படி நிற்கலாம் என்று அறிவிக்க. செயலி நிறுவனங்களுக்கான நெறிகளை அரசு விதியாக்குக.

மாணவ நண்பர்களே! உங்களிற் சிலர் நாளை அவ்வலுவலகங்களில் மேசைக்கு அப்பால் அமர்வீர்கள். விண்ணப்பத்தாளோடு வெயிலில் வந்து நிற்பவர் அன்று இழப்பது அரைநாட் கூலி என்பதை நினைவிற் கொள்மின். விதியைக் காப்பதும் மனிதனைக் காப்பதும் இரு வேறு பணிகளல்ல. அவை ஒன்றாக விளங்கும் அலுவலகமே நல்லாட்சியின் வாயிலாகும்.