எதற்கும் இருக்கட்டும்!

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

மழைக்காலத்தில் குடை எடுக்கும்போதும், பரீட்சைக்கு இரண்டாவது பேனா வைத்துக்கொள்ளும்போதும் நாம் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: “எதற்கும் இருக்கட்டும்.” குடைக்கும் பேனாவுக்கும் அது புத்தியுள்ள வார்த்தைதான். ஆனால் ஆண்டவரிடமும் அதையே சொல்லலாமா? கூடாது என்பது என் தாழ்மையான கருத்து. இதை எழுதுவதற்கு முன் அம்மாவிடம் அனுமதி கேட்டேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனெனில் இது எங்கள் வீட்டுக் கதை.

சென்ற ஆண்டு நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, ஐப்பசி மழையோடு அப்பாவுக்கு இருமல் வந்தது. மூன்று வாரமாகியும் விடவில்லை. சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். காசநோய் என்று முடிவு வந்த அன்று அம்மா முதலில் செய்த காரியம், வீட்டு ஜன்னல்களையெல்லாம் சாத்தியதுதான். அக்கம்பக்கத்தார் காதில் விழக்கூடாதாம்! (அந்த நோய்க்கு ஜன்னலைத் திறந்துதான் வைக்க வேண்டும் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.)

தாம்பரத்தில் குடியிருந்துகொண்டு காசநோய்க்கு இப்படி நடுங்குவது வேடிக்கையே. நமக்கு அடுத்த ரயில் நிலையத்தின் பெயரே சானடோரியம் அல்லவா? 1928-ல் டாக்டர் சௌரிமுத்து என்பவர் காசநோயாளிகளுக்காக அங்கே ஒரு நிலையத்தைத் தொடங்கினார். நோய்க்கிருமியை ராபர்ட் காக் 1882-லேயே கண்டுபிடித்திருந்தாலும், அதைக் கொல்லும் மருந்து அப்போது உலகில் எங்கும் இல்லை. நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு, இவ்வளவுதான் சிகிச்சை. ஸ்ட்ரெப்டோமைசின் வந்ததே 1940-களில்தான். பிறகு 1956-ல் நம் சென்னைச் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆராய்ச்சி, நோயாளி வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் குணமாகலாம் என்று 1959-ல் உலகத்துக்கே காட்டியது. இன்றைக்கு ஆறு மாத மாத்திரை. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று. அரசாங்கமே இலவசமாகத் தருகிறது.

அப்பா மாத்திரை சாப்பிட ஆரம்பித்தார். ஆனால் அம்மாவின் பயத்துக்கு மாத்திரை இல்லையே! தினமும் காலைத் திருப்பலிக்குப் போகிறவர், செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளைத் தவறவிடாதவர், ஒருநாள் மாலை பக்கத்துத் தெரு அக்காவோடு போய் 1,500 ரூபாய் கொடுத்து இரண்டு தாயத்துகள் வாங்கி வந்தார். ஒன்று அப்பாவின் புயத்துக்கு. மற்றது, நோய் தொற்றாமலிருக்க எனக்கு. “என்னம்மா இது?” என்றேன். “எதுக்கும் இருக்கட்டும்டி” என்றார். கழுத்தில் உத்தரியம், சீருடைக் கைக்குள் தாயத்து. இப்படியே நான் பல வாரம் பள்ளிக்கு வந்து போனேன். சகோதரிகள் மன்னிக்க வேண்டும்.

இவ்விடத்தில் என் இந்து, இஸ்லாமியத் தோழியருக்கு ஒன்று சொல்ல வேண்டும். பொய்த்தெய்வம் என்று நான் சொல்வது அடுத்த வீட்டார் கும்பிடும் தெய்வத்தையல்ல. என் பக்கத்தில் உட்காரும் தோழி வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு வரும்போது அவள் முகத்தில் மகிழ்ச்சியைத்தான் பார்க்கிறேன். அம்மா அந்த மனிதரிடம் போய்விட்டு வந்தபோது முகம் வெளிறியிருந்தது. நான் பேசுவது அந்த வெளிறிய முகத்தைப் பற்றி.

ஒரு மண்டலம், அதாவது 48 நாள், கயிறு கையில் இருந்தால் அதற்குமேல் மாத்திரையே வேண்டாம் என்று அந்த மனிதர் சொல்லியிருந்தாராம். இருமலும் நன்றாகக் குறைந்திருந்தது. குறைத்தது மாத்திரை, பெயர் வாங்கியது கயிறு! மாத்திரையால் அப்பாவுக்குக் குமட்டல் வேறு. ஆகவே பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு அப்பா மாத்திரையை நிறுத்தினார். ஐந்தாம் நாள் சுகாதாரப் பணியாளர் அக்கா வீட்டுக்கு வந்து விசாரித்தபோதுதான் எனக்கே தெரியும். பாதியில் விட்டால் மிஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகிவிடும், பிறகு சிகிச்சை மிகக் கடினம் என்று அவர் பொறுமையாக விளக்கினார். அவர் போனபிறகு நான் அம்மாவிடம் சத்தம் போட்டேன். வாழ்க்கையில் முதல்முறை. அம்மா அழுதுகொண்டே கேட்டார்: “தினமும் மண்டியிட்டேனே, அப்புறம் ஏன் இவருக்கு இது வந்துச்சு?”

எனக்குப் பதில் தெரியவில்லை.

மறைக்கல்வி வகுப்பில் பொற்கன்றின் கதையைச் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். மோசே மலையில் நாற்பது நாள் தங்கிவிட்டார். கீழே மக்களுக்குப் பயம். காதணிகளைக் கழற்றிக் கொடுத்துக் கன்றுக்குட்டி செய்துகொண்டார்கள். ஆனால் அந்த அதிகாரத்தை (விடுதலைப் பயணம், 32) மறுபடி வாசித்தபோது, முன்பு கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. கன்றுக்கு முன் பீடம் கட்டிய ஆரோன், மறுநாள் ஆண்டவருக்கு விழா என்றுதான் அறிவிக்கிறார்! ஆண்டவரை அவர்கள் விட்டுவிடவில்லை. அவரும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும் என்றார்கள். எங்கள் வீட்டில் நடந்ததும் அதுவேதான்.

அம்மாவின் கேள்விக்குப் பதில் போல ஒன்றைச் சொன்னவர், பொங்கல் விடுமுறைக்கு நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த என் பாட்டி. ஜனவரி 14 புனித தேவசகாயத்தின் நினைவுநாள். அவர் கதையைப் பாட்டி ஆண்டுதோறும் சொல்வார். அன்றுதான் நான் காது கொடுத்துக் கேட்டேன். 1712-ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் அரசாங்கத்தில் அதிகாரி. குடும்பத்தில் அடுக்கடுக்காக நஷ்டம் வந்து அவர் மனமுடைந்திருந்தபோது, டச்சுப் படையிலிருந்து வந்த டி லனாய் என்பவர் நண்பரானார். 1741-ல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்டு, பின்னர் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவிடமே படைப் பணியில் சேர்ந்தவர் அவர். கிறிஸ்தவரான டி லனாய், “எங்கள் சாமியிடம் வா, போனதெல்லாம் திரும்பி வரும்” என்று ஆசை காட்டவில்லை. யோபுவின் கதையைச் சொன்னார். மாடும் போய், பிள்ளைகளும் போய், உடம்பும் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்திருந்த மனிதனின் கதை அது. நோயாளிக்குப் பாயசம் கொடுக்காமல் கஷாயம் கொடுத்தது போல!

நீலகண்டர் 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழில் தேவசகாயம் என்றார்கள். கடவுளின் உதவி என்று பொருள். அதற்குப்பின் நிலைமை சீரானதா? 1749-ல் கைது, மூன்று ஆண்டு சிறையும் சித்திரவதையும், எருமை மீது ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள் என்பார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

“கடவுளின் உதவின்னு பேரு வச்சவருக்குக் கிடைச்ச உதவி இதுதானா பாட்டி?” என்று கேட்டேன். பாட்டி வெற்றிலையை மென்றபடி, “அந்த மூணு வருஷத்துல ஒரு தடவையாவது சரி, விட்டுடறேன்னு சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பாரே. சொல்லாம நிக்க முடிஞ்சுதே, அது யாரு கொடுத்த பலம்?” என்றார். அம்மா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவை மட்டும் குறை சொன்னால் நான் பொய்க்காரியாவேன். இந்த ஆண்டு அரையாண்டுக் கணிதத் தேர்வுக்கு முந்தின இரவு, புனிதர் படத்தோடு கைப்பேசியில் ஒரு செய்தி வந்தது. பதினொரு பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும், அனுப்பாவிட்டால் துன்பம் வரும் என்று மிரட்டல். தாயத்தைக் கேலி செய்த நான், மடமடவென்று பதினொரு பேருக்கு அனுப்பினேன். (அதைப் பெற்ற தோழியர் இந்த வகுப்பிலேயே இருக்கிறார்கள்.) 1992-ல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல் தாயத்தைக் கண்டிப்பதோடு நிற்கவில்லை, உள்ளம் ஒன்றாமல் சடங்கின் வெளிச்செயலே பலன் தரும் என்று நம்புவதையும் மூடநம்பிக்கை என்கிறது. அப்படியானால் செபமாலையையே நாம் தாயத்தாக்கிவிட முடியும். ஆண்டவரையே கன்றுக்குட்டியாக்கிவிட முடியும். எனக்கு இது பெரிய அதிர்ச்சி.

பொங்கல் முடிந்த மறுநாள் அப்பா கயிற்றைத் தானே அவிழ்த்து வைத்துவிட்டு மாத்திரையை எடுத்தார். மருத்துவரை மதிக்கச் சொல்லும் சீராக்கின் ஞான நூல் 38-ஆம் அதிகாரத்தை அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டினேன். பதில் பேசாமல் கேட்டார். நிறுத்திய நாட்களையும் சேர்த்து, சிகிச்சை முடிய ஜூன் மாதமாயிற்று. கடைசிப் பரிசோதனையில் சளியில் கிருமி இல்லை.

இரண்டு கயிறுகளையும் அம்மா இன்னும் எறியவில்லை. அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் ஒரு டப்பாவில் இருக்கின்றன. இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டியபோது, அந்த டப்பாவைப் பற்றியும் எழுதிக்கொள் என்று சொன்னவர் அம்மாதான்.