கைப்பிடி போனால் அடுப்பே போய்விட்டதா?



சிங்கப்பூரில் பிள்ளைகள் வேலை பார்க்கும் தோட்டத்து வீடுகளில் மைக்ரோவேவ் அடுப்பு இப்போது புதுமையான பொருளல்ல. அங்கே புதிது வாங்கும்போது பழையதை வண்டியில் ஏற்றி, ஜொகூர் பாலம் தாண்டி, அம்மாவுக்கென்று கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். இரு நாட்டிலும் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பிளக்கும் அதே மூன்று முள் பிளக். சொருகினால் வேலை செய்கிறது. ஆனால் பழைய அடுப்போடு பழைய கைப்பிடியும் அல்லவா வந்து சேருகிறது!

கைப்பிடி பிளாஸ்டிக்தானே? எண்ணெய்ப் பிசுக்கும் ஆவியும் பட்டுப்பட்டு அது இறுகி நொறுங்கும் பதத்துக்கு வருகிறது. போதாததற்கு அதில் ஈரத்துண்டைத் தொங்கவிடுகிறோம். திருகாணி இறங்கும் இடத்தில் மயிரிழை போல ஒரு கீறல் விழும். பிறகு ஒருநாள் கைப்பிடி கையோடு வந்துவிடும்.

ஈசூனில் என் தங்கை மகளின் அடுக்குமாடி வீட்டில் இதைப் பார்த்தேன். கைப்பிடி போய் மூன்று மாதமாம். கரண்டிக் காம்பை இடுக்கில் விட்டு நெம்பித் திறக்கிறார்கள். ஏழு வயதுப் பையன் கத்தியை எடுத்துக்கொண்டு வருகிறான்! நான் சத்தம் போட்டதும், “விடுங்க மாமா, புதுசு ஒண்ணு வாங்கிட்டாப் போச்சு” என்கிறாள் அவள். அவன் கத்தி எடுத்ததையும் பொறுக்க முடியவில்லை, இவள் சொன்னதையும் ஏற்க முடியவில்லை.

ஏன் நெம்பக் கூடாது என்று கேட்பீர்கள். மற்ற அடுப்புகளுக்குக் கதவு வெறும் மூடிதான். இதற்கு அதுவே வேலியும். உள்ளே ஓடும் அலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். கண்ணாடிக்குள் தெரிகிற சல்லடைத் தகட்டின் பொடித் துளை வழியே அவ்வளவு பெரிய அலை வெளியேற முடியாது. கதவைச் சுற்றியுள்ள விளிம்பும் அலையைத் தடுக்கும்படி அளவெடுத்துச் செய்ததுதான். தினமும் கரண்டியால் நெம்பினால் அந்த விளிம்பு வளையும், கதவு சரியாக உட்காராது. ஒழுகும் கூரையையாவது கண்ணால் பார்க்கலாம், ஒழுகும் அலையைப் பார்க்க முடியாது.

கதவின் ஓரத்தில் இரண்டு கொக்கிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை உள்ளே போய்ச் சில சுவிட்சுகளை அழுத்தினால்தான் அடுப்பு ஓடும். கதவைத் திறந்த கணமே மின்சாரத்தை வெட்டுவதும் அவைதான். ஆகவே உடைந்தது கைப்பிடியா, கொக்கியா என்பதை முதலில் பாருங்கள். கொக்கி உடைந்திருந்தாலோ, கதவு கோணியிருந்தாலோ, சல்லடை துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலோ பிளக்கைக் கழற்றி ஓரமாக வையுங்கள். அது பழகிய மெக்கானிக்கின் வேலை.

கைப்பிடி மட்டும்தான் என்றால் பல அடுப்புகளில் நாமே மாற்றிவிடலாம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். வெளியில் திருகாணி ஒன்றும் தெரியாது. கதவைத் திறந்து உட்புறம் பாருங்கள். ஓரத்தைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் சட்டம் அழுத்திப் பொருத்தியிருக்கும். பழைய பேங்க் கார்டை இடுக்கில் விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்பினால் அது கழன்று வரும். அதன் அடியில், கைப்பிடியின் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் நேராக, ஆளுக்கொன்றாய் இரண்டு திருகாணிகள் இருக்கும். அவற்றைக் கழற்றிப் புதிய கைப்பிடியை வைத்துப் பழைய திருகாணியையே போடுங்கள். நீளமான வேறொன்றைப் போட்டால் புதிய பிளாஸ்டிக்கும் பிளந்துவிடும். முறுக்கேறியதும் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளைகள் பலத்தைக் காட்டும் இடம் இதுவல்ல. பிறகு பிளாஸ்டிக் சட்டம் சுற்றிலும் சரியாக உட்காரும்படி அழுத்துங்கள். ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தாலும் அடுப்பை ஓட்டக் கூடாது.

சில அடுப்புகளில் கைப்பிடியும் கதவும் ஒரே வார்ப்பு. அதற்குத் தனிக் கைப்பிடி கிடைக்காது, கதவையே மாற்ற வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். எக்காரணம் கொண்டும் அடுப்பின் வெளித்தகரத்தைக் கழற்றாதீர்கள். உள்ளே கெப்பாசிட்டர் என்றொரு பாகம் உண்டு. 2,000 வோல்ட்டுக்கு மேல் ஏறும் மின்சாரத்தைப் பிளக் பிடுங்கிய பிறகும் அது பிடித்து வைத்திருக்கலாம். ரேடியோவைத் திறந்து பார்த்துப் பழகிய கை இங்கே போனால் உயிர் போகும்.

கைப்பிடிக்கு எங்கே போவது? முன்பு தேக்காவுக்குச் சாமான் வாங்கப் போகிறவர்கள் நாலு எட்டு நடந்தால் சுங்கை ரோடு பழைய சந்தை இருந்தது. எந்தக் காலத்துச் சாமானுக்கும் உதிரி பாகம் அங்கே தரையில் விரித்துக் கிடக்கும். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அதை மூடிவிட்டார்கள். அந்தப் பக்கம் ஜாலான் புசாரில் சிம் லிம் டவர் இருக்கிறது. எலெக்ட்ரானிக் சாமான்களுக்குப் பேர்போன இடம். அங்கே விசாரிக்கலாம். இல்லையென்றால் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கேட்க வேண்டும். எங்கே போனாலும் முதல் கேள்வி “மாடல் நம்பர் என்ன?” என்பதுதான். எங்கள் மருமகன் உடைந்த துண்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போய், ஒரு கடையில் வெறுங்கையோடு திரும்பினார். அடுப்பின் முதுகிலோ கதவுச் சட்டத்திலோ ஒட்டியிருக்கும் சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு போயிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை வீணாகியிருக்காது.

பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்கும் தொண்டர்களும் அங்கே உண்டு. 2014இல் தொடங்கிய அந்த இயக்கத்தின் பெயர் ‘ரிப்பேர் கோப்பித்தியாம்’. பெயரில்தான் காப்பிக் கடை. பழுதான சாமானோடு போனால், பக்கத்தில் உட்கார்ந்து நம் கையாலேயே சரிசெய்ய வைக்கிறார்கள். மைக்ரோவேவை எடுத்துக்கொள்வார்களா என்று முன்கூட்டிக் கேட்டுவிட்டுத் தூக்கிப் போங்கள்.

‘புதுசு வாங்கிட்டாப் போச்சு’ என்றவளுக்கு நான் சொன்னது இதுதான். சிங்கப்பூர் தன் குப்பையை எரித்து, சாம்பலைப் படகில் ஏற்றிப் புலாவ் செமக்காவ் தீவுக்கரையில் கொட்டுகிறது. 1999இல் திறந்த அந்த இடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று அரசாங்கமே கணக்குச் சொல்கிறது. இரண்டு திருகாணி வேலைக்காக ஒரு முழு அடுப்பை அந்தப் பக்கம் அனுப்பலாமா?

கைப்பிடி மாட்டியாயிற்று. உடனே சோற்றை வைத்துவிடாதீர்கள். கதவைப் பத்துத் தடவை திறந்து மூடுங்கள். ஒவ்வொரு தடவையும் ‘டக்’கென்று ஒரே மாதிரி சத்தம் கேட்க வேண்டும். பிறகு ஒரு குவளைத் தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் ஓட்டுங்கள். நடுவில் கதவைத் திறந்தால் அடுப்பு அக்கணமே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். நின்றால் தண்ணீரில் தேத்தண்ணி கலக்கிக் குடியுங்கள். அந்த ஈரத்துண்டுக்கு மட்டும் சுவரில் ஒரு ஆணி அடித்துவிடுங்கள்.