ஊர் காணலும் ஊர் அறிதலும்

எம் கல்லூரியின் பழைய மாணவருள் ஒரு பகுதியார் இன்று கடல் கடந்த நாடுகளில் வாழ்கின்றனர். விடுமுறை வந்தால் மனைவி மக்களோடு காரேறிச் சென்று அயல்நாட்டு நகர்கள் பலவற்றைக் கண்டு மீள்வது அவர்தம் வழக்கமாகிவிட்டது. ஊரிலுள்ளோரும் வசதி வாய்த்தபோது வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி அநுராதபுரம், சிகிரியா, நுவரெலியா எனப் பார்த்து வருகின்றனர். பொருள் தேடுதலிலேயே காலமெல்லாம் கழித்துவிடாது, பிள்ளைகளோடு கூடி நான்கு நாள் மகிழ்ந்திருத்தல் நன்றேயாம். ஆயினும், இப்பயணங்களால் எம் பிள்ளைகள் பெறுவது யாது என்னும் வினாவை இப்பொன்னேட்டின் வாயிலாக எழுப்ப விரும்புகின்றோம். இவ்வினா பிறர்மேற் குறை கூறும் நோக்கத்தால் எழுந்ததன்று. எம் சொந்த அனுபவத்தில் முளைத்தது.

2024ஆம் ஆண்டிலே, சுவிற்சலாந்தில் நெடுங்காலமாக வாழும் எம் தமையனார், எம்மையும் எம் இல்லாளையும் மகனையும் தம்மிடம் வரவழைத்து, இரு குடும்பத்தாருமாக எழுவர் ஒரு வானிலே இத்தாலி நாட்டைச் சுற்றிவர ஒழுங்கு செய்தார். களுவாஞ்சிக்குடியிலே தமிழாசிரியராய்க் காலங் கழிக்கும் எம்மனோர்க்கு இது கனவிலும் கருதாத பேறு. தமையனார் எதனையும் ஒழுங்குபடச் செய்பவர். எட்டு நாள், ஏழு நகரங்கள் என அட்டவணை ஒன்று வரைந்திருந்தார். மிலான், வெரோனா, பதுவை, வெனிஸ், புளோரன்ஸ், பைசா, உரோம் என்பன அவ்வேழும். எந்த நகரில் எத்தனை மணிநேரம், எங்கே உணவு, எங்கே உறக்கம் என்பனவெல்லாம் அதிலே அடங்கியிருந்தன.

1980ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட, ஏறத்தாழ 17 கிலோமீற்றர் நீளமான கொத்தாட் சுரங்கப் பாதையால் மலையை ஊடுருவிச் சென்று இத்தாலி புகுந்தோம். முதல் நாள் மிலான் நகரத்துப் பெருங்கோவிலையும் மறுநாள் வெரோனாவையும் கண்டோம். வெரோனாவிலே, சேக்சுபியரின் நாடகத் தலைவியாகிய யூலியற்றின் இல்லம் என்று ஒரு பழைய மனையைக் காட்டுகின்றனர். அதன் மேன்மாடத்தைக் காண மக்கள் நெருக்கியடித்து நிற்கின்றனர். யூலியற்று நாடகத்தில் மட்டுமே வாழ்ந்தவள். அம்மாடமோ, காண வருவோர் பொருட்டு இருபதாம் நூற்றாண்டிலே அம்மனையிற் கூட்டப்பட்டது. எம் பிள்ளைகளும் வெயிலில் வரிசை நின்று, படம் எடுத்துக்கொண்டு, “அடுத்தது எங்கே?” என்று கேட்டனர். “இங்கே என்ன கண்டீர்கள்?” என்று யாம் வினவியபோது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். அவர்களிடத்திலே குற்றமில்லை. அவர்களுடைய உள்ளத்தில் அவ்விடத்தைப் பற்றிக்கொள்ளத்தக்க கொளுக்கி யாதும் இருக்கவில்லை.

ஆசிரிய கலாசாலையிலே பயிற்சி பெற்ற காலத்தில், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் பிள்ளையை நடத்திச் செல்க என்று எமக்குப் போதித்தனர். வகுப்பறையில் அதனைப் போற்றும் யாம், பயணத்தில் அதனை மறந்துவிடுகின்றோம். தெரியாததிலிருந்து தெரியாததற்கு, அதிலிருந்து மற்றொரு தெரியாததற்கு எனப் பிள்ளைகளை இழுத்துச் செல்கின்றோம். அவர்கள் வியக்கவில்லையே என்று பின்னர் வருந்துகின்றோம்.

அன்றிரவு தமையனாரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தோம். வெரோனாவிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையத்தக்க தொலைவிலே, கார்தா ஏரிக்குத் தெற்கே, காஸ்திலியோனே என்னும் சிறு நகர் உள்ளது. அங்கே போய்விட்டுப் பின்னர் வெனிஸ் செல்லலாமா என்றோம். “தம்பி, வந்த வழியே திரும்பிப் போவதா? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?” என்றார். “வீரமாமுனிவர் பிறந்த ஊர்” என்றோம். தமையனார் சிறிது நேரம் அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், “காலையில் வெள்ளெனப் புறப்படவேண்டும்” என்றார்.

கொன்சுதாந்தீனுசு யோசேப்பு பெசுகி என்னும் இயற்பெயருடைய வீரமாமுனிவர் 1680ஆம் ஆண்டு அவ்வூரிலே தோன்றினார். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இயேசு சபைத் துறவியாய்த் தமிழகம் போந்து, தமிழ் கற்று, தேம்பாவணி என்னும் காப்பியமும், தொன்னூல் விளக்கம் என்னும் இலக்கணமும், சதுரகராதியும் இயற்றினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீன் மொழியிற் பெயர்த்தார். பிறந்த ஊருக்கு அவர் மீளவேயில்லை. சமயத்தால் நாம் வேறாயினும், தமிழைப் பொறுத்தவரை அவர் நம்மவர். இருபது ஆண்டுகளாக இச்செய்திகளை யாம் மாணவர்க்கு உரைத்து வருகின்றோம். பிறந்த ஊர் இன்னது என்று கரும்பலகையில் எழுதியுமிருக்கின்றோம். ஆனால் ஒருநாளேனும் தேசப்படத்தை விரித்து, அவ்வூர் எங்குள்ளது, அங்கிருந்து தமிழ்நாடு எத்துணைத் தொலைவு என்று காட்டியதில்லை. பரீட்சையில் இரண்டு புள்ளிக்கு உரிய விடையாகவே அவரை ஆக்கிவைத்துவிட்டோம்.

காஸ்திலியோனே ஆரவாரமற்ற ஊர். கடைத்தெருவிலே முதியவர் ஒருவரிடம் தமையனாரின் மகள் இத்தாலிய மொழியிலே முனிவரின் பெயரைச் சொல்லி விசாரித்தாள். அவர் அப்பெயரைக் கேள்வியுற்றதில்லை. “எங்களுக்குத் தெரிந்தவரை அவருடைய ஊராருக்கே தெரியவில்லையே, சித்தப்பா” என்று அவள் வியந்தாள். “எங்களுக்கு” என்று அவள் சொன்னது எம் செவியில் விழுந்தது.

அப்பெறாமகளுக்குப் பதினான்கு வயது. சுவிற்சலாந்திலே கிழமைக்கொரு நாள் தமிழ்ப் பள்ளிக்குச் செல்பவள். எழுத்துக்களின் சுழியும் கொம்பும் தன்னைத் துன்புறுத்துகின்றன என்று முறையிடுபவள். கோவிற் படியில் அமர்ந்து, ஒரு தாளிலே ‘எடு’ என்றும் ‘ஏடு’ என்றும் எழுதிக் காட்டினோம். முற்காலத்திலே குறிலாகிய எகரத்தின்மேற் புள்ளியிட்டனர், புள்ளியில்லாதது நெடில். ஏட்டுச் சுவடியிலே புள்ளி இடாது விடுவதால், குறில் எது நெடில் எது எனக் கற்போர் மயங்கினர். அம்மயக்கத்தை நீக்குதற்கு, நெடிலுக்கு வேறு வடிவம் வகுத்தவர் இவ்வூரிற் பிறந்த அம்முனிவரே என்று விளக்கினோம். ஏகாரத்தின் கீழ் இழுக்கும் அச்சிறு கோட்டை அவள் விரலாலே தடவினாள். பின்னர்த் தாளை வாங்கி, ‘கெடு, கேடு, கொடு, கோடு’ என்று தானாகவே எழுதத் தொடங்கினாள். யாம் கேட்காமலே ஒரு பிள்ளை தமிழ் எழுதக் காண்பதினும் ஆசிரியனுக்கு வேறு பேறு உண்டோ?

அவ்வூருக்கு மற்றுமொரு சிறப்புண்டு. 1859ஆம் ஆண்டு ஆனி 24ஆம் நாள் அருகிலுள்ள சொல்பெரினோவிலே பெரும்போர் நிகழ்ந்தது. காயமுற்ற வீரர் ஆயிரக்கணக்காகக் காஸ்திலியோனேயிற் கொணர்ந்து குவிக்கப்பட்டனர். கோவில்களும் வீடுகளும் மருத்துவமனைகளாயின. நண்பர், பகைவர் என்னும் வேறுபாடு பாராது அவ்வூர்ப் பெண்கள் அவர்களைப் பேணினர். அங்கே தற்செயலாக வந்திருந்த ஜெனீவா வணிகராகிய ஹென்றி டியூனாந் அவர்களோடு சேர்ந்து தொண்டாற்றி, தாம் கண்டதை நூலாக எழுதினார். அதன் பயனாக 1863இல் ஜெனீவாவிலே குழுவொன்று அமைந்தது. அதுவே பின்னர்ச் செஞ்சிலுவை இயக்கமாய் வளர்ந்தது. அவ்வியக்கத்தின் நூதனசாலை ஒன்றும் காஸ்திலியோனேயில் உண்டு.

அச்சாலையினுள்ளே காயமுற்றோரைச் சுமந்த பழைய வண்டிகளைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் முன்னே நடந்தனர். எம் தமையனார் பின்தங்கினார். “அங்கே பார்க்க என்ன இருக்கிறது?” என்று கேட்டவர், செஞ்சிலுவைக் கொடி ஒன்றன் முன்னே அசையாது நின்றார். 1990ஆம் ஆண்டின் பின்னர் எம் பகுதியில் நிகழ்ந்தவற்றை அறிந்தோர்க்கு அக்கொடியைப் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. வாவியின் மறுகரைக்குச் செல்லும் வழிகள் அடைபட்டுக் கிடந்த நாள்களிலும் அக்கொடி தாங்கிய வெள்ளை வண்டிகள் போய்வந்தன. தமையனார் தடுப்புக் காவலில் இருந்த காலத்திலே, அவர் உயிரோடு இருக்கின்றார் என்பதை எம் தாயாருக்கு முதலில் அறிவித்தது செஞ்சிலுவையினர் கொணர்ந்த ஒரு சிறு கடிதமே. நலம், நலமறிய ஆவல் என்பதற்குமேல் அதில் அதிகம் இருக்கவில்லை. தாயார் தம் இறுதிக்காலம் வரையில் அதனைச் சேலைப் பெட்டியில் வைத்திருந்தார்.

இச்செய்தியைத் தமையனார் தம் மக்களுக்கு என்றும் சொன்னதில்லை. அன்று சொன்னார், நூதனசாலையின் வெளியே, மரநிழலிலே, ஏறத்தாழ ஒரு மணி நேரம் சொன்னார். பிள்ளைகள் ஒருவரும் “அடுத்தது எங்கே?” என்று கேட்கவில்லை.

அதனால் வெனிஸ் நகரை மாலையிலேதான் அடைந்தோம். படகுச் சவாரி தவறியது. எம் மகனுக்கு அது பெருங்குறையே. இன்றும் சொல்லிக் காட்டுகின்றான். எனினும் அந்நகர்க் காட்சியும் அன்று எமக்குத் தெரிந்ததொன்றனோடு இணைந்துவிட்டது. வெனிஸ் களப்பு நடுவே எழுந்த நகர். நாமும் களப்பு நாட்டினர். நீரோடு வாழும் மக்களின் படகு, துறை, பாலம் ஆகியவற்றைப் பற்றிக் கேட்க எம் பிள்ளைகளிடம் கேள்விகள் இருந்தன. அங்கே காண வருவோர் தொகை அளவு கடந்தமையால், குறித்த சில நாள்களில் வந்து அன்றே மீளும் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் அறவிடும் முறை 2024ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்டது என்றறிந்தோம். மாந்தரின் வருகையே ஓர் ஊருக்குச் சுமையாதலும் உண்டு என்பதை மகன் அங்கே கற்றான்.

விடுமுறை ஓய்வுக்கு உரியது, அதிலும் பாடமா என்று சிலர் வினவக்கூடும். முறையான கேள்வியே. எட்டு நாளும் பாடம் நடத்துக என்று யாம் கூறவில்லை. பைசாவின் சாய்ந்த கோபுரத்தைத் தாங்குவதுபோல் நின்று பிள்ளைகள் படம் எடுத்தபோது யாமும் சிரித்தோம். புளோரன்சு, உரோம் நகரங்களின் பெருமையை மறுப்பாருமிலர். எம் கருத்து ஒன்றே. ஒவ்வொரு குடும்பப் பயணத்திலும் ஓரிடமாயினும், அப்பிள்ளை முன்னரே அறிந்ததொன்றனோடு, அல்லது அக்குடும்பத்தின் வரலாற்றோடு தொடர்புடையதாக இருத்தல் வேண்டும். அதனைத் தேர்ந்து, புறப்படுமுன்னே அதன் கதையைச் சொல்லி, அங்கே அவசரமின்றி இருத்தல் வேண்டும். எஞ்சிய இடங்களை அட்டவணைப்படி கண்டுகொள்க.

இத்தாலி செல்லுதல் எல்லோர்க்கும் இயல்வதன்று. இப்பாடத்துக்கு இத்தாலி வேண்டியதுமில்லை. வெளிநாடுகளிலிருந்து வரும் எம்மவரின் பிள்ளைகள் பாசிக்குடாவிற் குளித்துச் சிகிரியாவில் ஏறி மீள்கின்றனர். அப்பம்மாவின் வீட்டிலிருந்து சிறிது தொலைவிலுள்ள குருமண்வெளித் துறையையும், அதன் எதிர்க்கரையிலே மண்டூர் முருகன் கோவிலையும் அவர்கள் காண்பதில்லை. மண்முனையிலே 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை கொக்கட்டிச்சோலைக்குப் பாதையிலேறிச் சென்றதையும், பரங்கித் தளபதியின் முன் அங்குள்ள கல்நந்தி புல்லுண்டது என்னும் ஐதிகத்தையும் அவர்களுக்கு யார் சொல்வர்? அப்பரங்கியர் 1628இல் எழுப்பி, 1638இல் ஒல்லாந்தரிடம் இழந்த கோட்டை மட்டுநகரிலே நிற்கின்றது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கி, யாழ்நூல் தந்த விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு நமக்குத் தெற்கே; அவர் துயிலுமிடம் வடக்கே கல்லடி உப்போடையில். எழுவான்கரையிலே பிறந்து வளர்ந்த எம் மாணவருள்ளும் இவற்றுட் பாதியைக் காணாதார் பலர். அது அவர்தம் குற்றமன்று, எம்மைப் போன்ற ஆசிரியரின் குற்றம். இத்தாலியிலிருந்து மீண்டபின், வகுப்புக்கு ஆண்டுக்கொரு நாளேனும் வாவி கடந்து அழைத்துச் செல்வது என்று முடிவு செய்து தொடங்கியுள்ளோம்.

பழைய மாணவராகிய அன்பர்களே, இவ்விழாவினை முன்னிட்டு நீவிர் மக்களோடு ஊர் திரும்பும்போது, நும் அட்டவணையில் ஒரு நாளை நும் ஊருக்கென ஒழித்துவையுங்கள். கல்லூரியின் பழைய வகுப்பறைக்கு அவர்களை அழைத்துச் சென்று நீவிர் அமர்ந்த இடத்தைக் காட்டுங்கள். இதுகாறும் சொல்லாது வைத்திருப்பவற்றுள் சொல்லத்தக்கதைச் சொல்லுங்கள். கேட்டறியும் வயது அவர்களுக்கு வந்துவிட்டது. சொல்வோர்க்கு வயது ஏறிக்கொண்டே போகின்றது.

வாழ்க எம் கல்லூரி.