கம்பி வைத்தாயிற்று, எலும்புக்கு என்ன செய்தோம்?

என் பெரியம்மாவுக்கு அப்போது 74 வயது. விடியற்காலையில் குளியலறைப் படி தடுக்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். வலது தொடை எலும்பு இடுப்பை ஒட்டி முறிந்தது. நான்காம் நாள் ஆபரேஷன், பத்தாம் நாள் வீடு. டிஸ்சார்ஜ் சீட்டில் வலி மாத்திரை, வாயு மாத்திரை, ஒரு மாதத்துக்குக் கால்சியம். "கம்பி நல்லா உட்கார்ந்திருக்கு, இனி பயமில்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். ஒன்றரை வருடம் கழித்துக் கட்டிலிலிருந்து இறங்கும்போது இடது பக்கம் முறிந்தது. அதன் பிறகு அவர் நடக்கவே இல்லை.

அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. எலும்பு ஏன் முறிந்தது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

நின்ற இடத்தில் விழுந்ததற்கே வயதானவரின் இடுப்பெலும்பு முறிகிறதென்றால், பெரும்பாலும் அது ஏற்கெனவே உள்ளுக்குள் உளுத்திருக்கிறது. எலும்புப்புரை என்பது இதுதான். அந்த முறிவே போதுமான சான்று. எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கும்வரை மருந்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பேச்சு வழக்கில் இதற்குத் தனிப் பெயர் இல்லாதது பெரிய தொல்லை. முட்டிவலிக்கும் 'எலும்புத் தேய்மானம்' என்கிறோம், இதற்கும் அதையே சொல்கிறோம். தேய்மானம் என்றதும், வயசானால் வருவதுதான், தைலம் தேய்த்துப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று மனசு முடிவுகட்டிவிடுகிறது. முட்டியில் தேய்வது குருத்தெலும்பு. அது வலித்துக்கொண்டே இருக்கும். எலும்புப்புரையோ முறிகிற நாள்வரை பெரும்பாலும் மூச்சுக் காட்டாது.

இதற்கு மருந்து இருக்கிறது. 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் 2007இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இடுப்பு முறிவுக்கு ஆபரேஷன் ஆகி 90 நாட்களுக்குள் இருந்த 2,127 பேரில் ஒரு பாதிக்கு, வருடத்துக்கு ஒரு முறை சோலெட்ரோனிக் அமிலத்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். மறுபாதிக்கு வெற்று மருந்து. மருந்து ஏறியவர்களிடம் புதிய முறிவுகள் 35 சதவீதம் குறைந்தன. இறப்பும் 28 சதவீதம் குறைந்தது. முறிந்த எலும்பு கூடுவதும் தாமதப்படவில்லை.

வாரம் ஒன்று போடும் அலெண்ட்ரோனேட் மாத்திரையும் நல்லதுதான். ஆனால் வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் சாயாமல் இருக்க வேண்டும். படுக்கையோடு இருப்பவருக்கு அது எப்படி முடியும்? டிரிப்ஸுக்குக் கால் மணி நேரம் போதும். அதற்கு முன்பு சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், வைட்டமின் டி குறைவைச் சரிசெய்ய வேண்டும். சிலருக்கு இரண்டொரு நாள் காய்ச்சல் அடிக்கும். தாடை எலும்பு அழுகிவிடும் என்ற பயம் பல வீடுகளில் இருக்கிறது. அப்படி நடப்பது மிக அரிது. இடுப்பு முறிந்தவருக்கு மறுபடி முறியும் ஆபத்து அதைவிடப் பல மடங்கு அதிகம்.

பிறகு ஏன் கொடுப்பதில்லை? எலும்பைச் சேர்த்ததோடு தன் வேலை முடிந்தது என்கிறார் அறுவை மருத்துவர். சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டர், எலும்பு விஷயத்தை எலும்பு டாக்டர் பார்த்திருப்பார் என்று விட்டுவிடுகிறார். கம்பி இருக்கிறதே என்று குடும்பம் நிம்மதியாகிவிடுகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1999லேயே இந்த இடைவெளியை அடைக்க வழி கண்டார்கள். எலும்பு முறிந்து வருபவர்களைத் தேடிப் பிடித்து, மருந்து தொடங்கவைப்பதற்கென்றே செவிலியர்களை நியமித்தார்கள்.

நமக்கும் அதற்கான ஆட்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே போகின்றன. அதே பதிவேட்டில் இடுப்பு முறிந்தவர்களின் பெயரையும் சேர்க்கட்டும். அரசு மருத்துவமனையோ தனியாரோ, டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரியை அச்சடித்தே வைக்கட்டும்: எலும்புப்புரைக்கு என்ன மருந்து, முதல் தவணை எந்தத் தேதியில்? அதை நிரப்பாமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்பக் கூடாது.