மஞ்சள் காமாலைக்கு கீழாநெல்லி: ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

கண் மஞ்சளா தெரிஞ்சாலே போதும், "கீழாநெல்லிய அரைச்சு மோர்ல கலந்து வெறும் வயித்துல குடி" என்ற யோசனை பக்கத்து வீட்டிலிருந்து வந்துவிடும். குடித்தவர்களில் பெரும்பாலானோர் குணமாகியும் விடுகிறார்கள். சிக்கலே அங்கேதான்.

மஞ்சள் காமாலை ஒரு நோயல்ல, அறிகுறி. அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகப் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள்தான் பலருக்குக் காரணம். இவை பெரும்பாலும் சில வாரங்களில் தாமாகவே சரியாகிவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்திருந்தாலும் பேர் அதற்குத்தான் போகும்.

அதற்காக கீழாநெல்லியை அறிவியல் கண்டுகொள்ளவே இல்லை என்று சொல்ல முடியாது. 1988-ல் புகழ்பெற்ற 'லான்செட்' இதழில் சென்னை ஆய்வு ஒன்று வெளியானது. பேராசிரியர் தியாகராஜன் குழுவினருடன், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூச் பிளம்பர்க்கும் அதில் பங்கேற்றார். வைரஸைச் சுமப்பவர்களுக்கு 200 மி.கி. கீழாநெல்லிப் பொடி தினமும் மூன்று வேளை, 30 நாட்கள் தரப்பட்டது. 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி நடந்தது. நாள்பட்ட தொற்றில் இது தானாக மறைவது ஆண்டுக்கு சுமார் ஒரு சதவீதத்தினருக்குத்தான் என்பதால், உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனால், பிறகு பல நாடுகளில் செய்து பார்த்தபோது அந்த முடிவு திரும்ப வரவில்லை. 2011-ல் வெளியான 'காக்ரேன்' தொகுப்பாய்வு, போலி மருந்தைவிட இது பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றது. வைரஸ் மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தால் உதவலாம் என்ற தடயம் இருந்தாலும், அந்த ஆய்வுகள் தரமானவை அல்ல. சந்தையில் கீழாநெல்லி என்று விற்கப்படுவதில் அதே போலத் தோன்றும் வேறு செடிகளும் கலந்திருக்கலாம் என்பது தனிக் கதை.

மூலிகைன்னா பக்கவிளைவே இல்லை என்பதும் சரியல்ல. கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்காக சீந்தில் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தனர். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது.

கீழாநெல்லியால் வரும் பெரிய ஆபத்து செடியில் இல்லை, தாமதத்தில் இருக்கிறது. பித்தக்குழாயில் கல்லோ கட்டியோ அடைத்தாலும் கண் மஞ்சளாகும். அதை எந்தக் கஷாயமும் கரைக்காது. ஹெபடைடிஸ் பி-யை ரத்தப் பரிசோதனை மட்டுமே காட்டிக்கொடுக்கும். அதற்கான மாத்திரைகள் 2018-ல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசம். காமாலையோடு குழப்பமான பேச்சு, அதீத தூக்கம், நிற்காத வாந்தி, ரத்தக்கசிவு இருந்தால் அது கல்லீரல் செயலிழப்பாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.